நண்பகல் ரத்தம்

மார்ச் 3, ஞாயிறு

விடுமுறை. துணி துவைத்தேன், நகம் வெட்டினேன், செருப்புக்கு ஆணி அடித்தேன். இனி செய்ய ஒன்றும் இல்லாததால் எழுதுகிறேன். இந்த நோட்டு என் மனைவி உலகம்மை பெட்டியில் வைத்து அனுப்பியது. "மனசுல கெடக்குறத யார்ட்டயும் சொல்ல மாட்டீங்க, இதுலயாவது எழுதுங்க" என்றாள். ஆப்பிரிக்காவில் இந்தக் காபோன் நாட்டுக் காட்டுக்கு வந்து பதினான்கு மாதம் ஆகிறது. இதுவரை மரத்தின் நீளத்தையும் சுற்றளவையும் தவிர வேறு எதையும் நான் எழுதியதில்லை. செங்கோட்டை மரவாடியில் அளந்ததைத்தான் இங்கேயும் அளக்கிறேன். மரம் மட்டும் பெரிது.

நோட்டோடு அவள் அனுப்பிய பிஸ்கட் டப்பாவுக்கு முகாமில் நல்ல பேர். அது நிறைய மாத்திரைப் பட்டைகள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருக்கிறாள்: காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு, பல்வலி, அரிப்பு. இங்கே இருக்கும் தமிழர்கள் ஆறு பேரும் நோய் வந்தால் என் அறைக்குத்தான் வருகிறார்கள். எனக்குக் கம்பவுண்டர் என்று பட்டப்பெயர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

அந்தப் பெயரை வைத்தவர் பக்கத்து அறை திவான் மைதீன் பாய். கடையநல்லூர்க்காரர், ஐம்பத்து மூன்று வயது. மரம் அறுக்கும் சாமில்லில் ரம்பங்களுக்குப் பல் தீட்டுகிறவர். பதின்மூன்று வருடமாக இந்தக் காட்டில் இருக்கிறார். ஏப்ரல் 28 அன்று மகள் பல்கீஸுக்கு நிக்காஹ். அந்த மாதம் பத்தாம் தேதி விமானம். போனால் திரும்பி வரப்போவதில்லை.

மார்ச் 5, செவ்வாய்

சிவப்பு ஈ இன்று அதிகம். கழுத்தில் மூன்று கடி. ஊரில் புகை போட்டால் பூச்சி ஓடும். இங்கே புகை போட்டால் பந்திக்கு அழைத்த மாதிரி வருகிறது.

மார்ச் 8, வெள்ளி

காலையில் ரம்பக் கொட்டகையிலிருந்து பாய் கூப்பிட்டார். "லே கோமதி, இங்க வா. கண்ணுக்குள்ள என்னமோ ஓடுது, பாரு."

வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தேன். வெள்ளை விழியின் மேல்தோலுக்கு அடியில் ஒரு நூல். நூல் என்றுதான் நினைத்தேன். அது நெளிந்தது. மூக்குப் பக்கத்திலிருந்து கிளம்பி, அவசரமே இல்லாமல் விழியைக் கடந்து அந்தப் பக்கம் போய் மறைந்தது. நான் ஓரடி பின்வாங்கினேன். அவரோ, "நாலாவது தடவ. போன தடவ இடது கண்ணு" என்றார்.

வற்புறுத்தி மருத்துவ அறைக்குக் கூட்டிப் போனேன். எஸ்தெல் என்ற நர்சு இருக்கிறாள், இந்த நாட்டுக்காரி. பிரெஞ்சில் நிறையச் சொன்னாள். பாய் எனக்குத் தமிழில் சொன்னார். சிவப்பு ஈ கடிக்கும்போது உள்ளே விடுகிற புழுவாம். வளர்ந்து தோலுக்கு அடியிலேயே ஊர்ந்து திரியுமாம். அதன் குஞ்சுகள் நண்பகலில்தான் ரத்தத்துக்கு வருமாம். அதனால் ஒருநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு வந்து விரலில் குத்திக் கொடுக்க வேண்டும், எத்தனை என்று எண்ணிப் பார்ப்பாள். அதுவரை எந்தப் பூச்சி மாத்திரையும் வாயில் வைக்கக் கூடாது.

"எதுக்காம்?" என்று கேட்டேன்.

"என்னமோ சொன்னா. பாதி எனக்கே வெளங்கல."

'கொம்ப்ரிமே' என்று அவள் நாலைந்து தடவை சொன்னாள். மாத்திரை என்று அர்த்தமாம். எண்களைத் தவிர நான் கற்ற முதல் பிரெஞ்சுச் சொல்.

மார்ச் 10, ஞாயிறு

மத்தியானம் பருப்பும் கருவாடும். சாப்பிட்ட பிறகு பாய் என்னை எதிரே உட்கார வைத்து, "நீதான் மாப்ள, கையைக் குடு" என்றார்.

நிக்காஹில் பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துத் தன் வாயால் சொல்ல வேண்டுமாம். தகப்பனுக்கு முடியாவிட்டால்தான் வேறு ஆள். மாப்பிள்ளை பெண்ணுக்குத் தர வேண்டிய தொகைக்கு மஹர் என்று பேராம். பல்கீஸ் பிறந்தபோது பாய் ஊரில்தான் இருந்தார். ஆனால் அவள் ஆறாம் வகுப்பு போனபோது கிளம்பியவர், பெரியவளானபோது இல்லை, பள்ளியில் முதலாவதாக வந்தபோது இல்லை, அம்மை போட்டுக் கிடந்தபோது இல்லை. "எல்லாத்துக்கும் போன்லதாம்லே இருந்தேன். இந்த ஒரு வார்த்தைய நேர்ல சொல்லணும்" என்றார்.

என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "என் மகள் பல்கீஸை, பேசிய மஹருக்கு, உமக்கு நிக்காஹ் செய்து தந்தேன்."

நான் "சரி பாய்" என்றேன்.

"சரி இல்லலே, சவமே. ஏற்றுக்கொண்டேன்னு சொல்லணும்."

சொன்னேன். நாலு தடவை சொல்ல வைத்தார். மூன்றாவது தடவை அவர் குரல் உடைந்தது. பக்கத்து அறைக்காரர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள் என்பது அப்போது ஞாபகம் வந்து சிரிப்பு நின்றுவிட்டது.

மார்ச் 12, செவ்வாய்

பாய்க்கு வலது மணிக்கட்டு எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கியிருக்கிறது. அரம் பிடிக்க முடியவில்லை. இரண்டு நாளில் தானாக வடியும், வேறிடத்தில் கிளம்பும் என்கிறார். பன்னிரண்டு மணிக்கு எஸ்தெலிடம் போகவில்லை. அந்த நேரத்தில்தான் மில்லில் ரம்பம் மாற்றுவார்கள்.

மார்ச் 14, வியாழன்

இன்றும் போகவில்லை. கேட்டால், "ரத்தத்துல புழு நெறைய இருக்குன்னு சொல்லிட்டா டவுன் ஆஸ்பத்திரியில படுக்க வச்சிருவா. விமானம் போயிரும்லே" என்கிறார். முதுகைக் கதவு நிலையில் தேய்த்துக்கொண்டே பேசினார், மாடு மரத்தில் தேய்க்கிற மாதிரி.

அவர் கவலை எனக்குத் தெரியும். மேடையில் சம்பந்திகள் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது கண்ணில் புழு ஓடினால் என்ன செய்வது. இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

மார்ச் 15, வெள்ளி

காலை பதினொரு மணிக்குப் பாய்க்கு மாத்திரை கொடுத்தேன். 'அரிப்பு' என்று எழுதிய பட்டையிலிருந்து ஒன்று. இங்கே வருவதற்கு முன் எனக்குச் சிரங்கு வந்தபோது தென்காசித் தோல் டாக்டர் எழுதித் தந்தது. பூச்சிக்கும் அதுதான் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

பாய் கொஞ்சம் தயங்கினார். "அந்தப் புள்ள ரத்தம் பாக்காம போடக் கூடாதுன்னால்லா?"

"செங்கோட்டைக்கு முன்னால கும்பகோணத்துல நான் மரவாடியில இருந்தப்போ யானைக்கால் மாத்திரைய வீடு வீடா வந்து குடுப்பாங்க பாய். தெருவே முழுங்குச்சு. எனக்கு யார் ரத்தம் பாத்தா? கொசுப் புழுவுக்குப் பாக்காதத ஈப் புழுவுக்குப் பாக்கணுமா?"

"கம்பவுண்டர் சொன்னாச் சரிதான்" என்று வாயில் போட்டுக்கொண்டார். ஜும்ஆ தொழுகை முடிந்து வீட்டுக்குப் போன் பேசுவதைப் பார்த்தேன். நான் மரம் அளக்கப் போய்விட்டேன். இன்று நாற்பத்தொரு மரம்.

மார்ச் 16, சனி

பாய்க்கு உடம்பு வலி. இரண்டு நாளாக மழையில் நனைந்தார்.

மார்ச் 17, ஞாயிறு

காய்ச்சல். கஞ்சி வைத்துக் கொடுத்தேன். ஒத்திகை வேண்டுமா என்று விளையாட்டாகக் கேட்டேன். கையை நீட்டினார், ஆனால் சொல்ல வந்தது மறந்துவிட்டது. "என் மகள்..." என்று நின்றார். காய்ச்சலில் யாருக்கும் அப்படித்தான்.

மார்ச் 18, திங்கள்

காலையில் பாய் தன் அறை எது என்று தெரியாமல் வராந்தாவில் நின்றார். கைலி நனைந்திருந்தது. அவருக்கு அது தெரியவில்லை. இரண்டு பேர் தாங்கி மருத்துவ அறைக்குக் கொண்டு போனோம்.

எஸ்தெல் அவர் கண்ணைப் பார்த்தாள், பிறகு எங்களைப் பார்த்தாள். ஒவ்வொருவரிடமும் ஏதோ கேட்டாள். என்னிடமும் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். எனக்குப் பிரெஞ்சு வராது. என்ன கேட்டாள் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மலேரியாவாக இருக்கும் என்று ஊசி போட்டாள். இந்தக் காட்டில் மலேரியா யாருக்குத்தான் வரவில்லை. எனக்கே இரண்டு முறை வந்திருக்கிறது.

மார்ச் 19, செவ்வாய்

லாரியில் டவுன் ஆஸ்பத்திரிக்கு. ஐந்து மணி நேரம், பாதை முழுக்கப் பள்ளம். தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். நடுவழியில் பேச்சு நின்றுவிட்டது. கிள்ளினாலும் முழிப்பு இல்லை.

மார்ச் 20, புதன்

மலேரியா மருந்து ஏறுகிறது. கண் திறக்கவில்லை.

மார்ச் 22, வெள்ளி

பாயின் கண்ணிமையைத் திருப்பிப் பார்த்த டாக்டர் மற்றவர்களைக் கூப்பிட்டார். உள்ளே ரத்தக் கீற்றுகள். பன்னிரண்டு மணிக்கு விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார் டாக்டர். அவருக்கு இங்கிலீஷ் தெரியும். பார்த்தேன். ஒரு சொட்டு ரத்தம், அது முழுக்க நெளிகிறது.

விளக்கினார். இத்தனை குஞ்சுகள் உள்ளவனுக்கு ஒரு வகை மாத்திரை கொடுத்தால் அவை ஒரே சமயத்தில் செத்து, மூளையின் மெல்லிய ரத்தக்குழாய்களில் போய் அடைக்குமாம். புழு இத்தனை நாளும் அவரை ஒன்றும் செய்யவில்லை, செத்துத்தான் செய்கிறது என்றார். "யாரோ இவருக்கு அந்த மாத்திரையைக் கொடுத்திருக்கிறார்கள். திங்களன்றே தெரிந்திருந்தால் லாரியில் குலுக்கிக் கொண்டுவர விட்டிருக்கமாட்டோம். மலேரியா என்று நாலு நாளை வீணாக்கியிருக்கவும் மாட்டோம். யார் கொடுத்தது?"

முகாம் மேலாளரும் பக்கத்தில் நின்றார். பாய் தானே எடுத்துப் போட்டிருப்பார், அவரிடம் ஊர் மாத்திரை இருந்தது என்று சொன்னேன்.

டாக்டர் அதை எழுதிக்கொண்டார்.

யார் கொடுத்தால் என்ன, இனி அதைப் பேசி ஆகப்போவது என்ன. முதலில் ஆள் பிழைக்கட்டும்.

மார்ச் 23, சனி

பாயின் மனைவி செய்தலி பாத்திமா அக்காவிடம் போனில் சொன்னேன். மாத்திரையால் வந்தது என்றேன். அவராகவே எடுத்துப் போட்டுக்கொண்டார் என்றேன். எந்த மாத்திரை என்று அக்கா கேட்கவில்லை. "நீ கூட இருக்கியா?" என்று கேட்டார்.

"இருக்கேன்க்கா."

"சரி. இரு."

மார்ச் 26, செவ்வாய்

உடம்பு துடைத்தேன், சவரம் செய்தேன், முதுகில் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டினேன். என் சம்பளம் போனால் போகட்டும் என்று விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். கூடப்பிறந்தவன்கூட இப்படிப் பார்க்கமாட்டான் என்று முகாமிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். வெந்நீர் எடுக்க எழுந்து போனேன்.

மார்ச் 30, சனி

இன்று கண் திறந்தார். என்னைப் பார்த்தார். மேற்கூரையை எப்படிப் பார்த்தாரோ அப்படித்தான் பார்த்தார்.

ஏப்ரல் 9, செவ்வாய்

கையைப் பிடித்தால் நடக்கிறார். ஸ்பூனைக் கொடுத்தால் காதுக்குக் கொண்டுபோகிறார், ஊட்டினால் விழுங்குகிறார். தண்ணீர், வேண்டாம், வா என்று மூன்று சொல் வந்திருக்கிறது. தலை வாரச் சீப்பை எடுத்தேன். வாங்கி அதன் பல்லில் கட்டைவிரலை மெல்ல ஓட்டிக்கொண்டு போனார். ஒரு பல் உடைந்த இடத்தில் நிறுத்தி, என் முகத்தைப் பார்த்தார். ரம்பத்தில் பல் போயிருந்தால் இப்படித்தான் பார்ப்பார், 'எவம்லே ஆணி கெடந்த மரத்தை ஏத்துனான்' என்பது மாதிரி. வெளியே போய் அழுதேன். நாளைக்குத்தான் அவருடைய விமானம்.

இன்னும் தேறுவாரா என்று டாக்டரைக் கேட்டேன். சிலர் தேறுவார்கள் என்றார்.

ஏப்ரல் 13, சனி

துணி எடுக்க முகாமுக்குப் போனேன். முத்துக்குட்டி என்று ஒருவன், மரத்தைத் தகடாகச் சீவும் வெனீர் பிரிவில் இருப்பவன், பல்வலி என்று வந்தான். டப்பாவில் ஒன்றும் இல்லை என்றேன். அவன் போன பிறகு அதில் இருந்ததை எல்லாம் கக்கூஸில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். ஒரு பட்டையை மட்டும் கொட்ட முடியவில்லை. இந்த நோட்டின் பின்னட்டைக்குள் செருகியிருக்கிறேன்.

உலகம்மை போனில், "மாத்திரை தீந்துருந்தா சொல்லுங்க, அனுப்புறேன்" என்றாள். அவள் மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவள் என்ன செய்தாள்.

திரும்பும் வழியில் எஸ்தெலைப் பார்த்தேன். பாய் எப்படி இருக்கிறார் என்று சைகையில் கேட்டாள். தலையைக் குனிந்துகொண்டு லாரியில் ஏறினேன். மார்ச் 18 அன்று அவள் கேட்டது எனக்குப் புரிந்தது. கொம்ப்ரிமே என்று அவள் சொன்னாள், அந்தச் சொல் எனக்குத் தெரியும். இதை இங்கே எழுதிவிடுகிறேன். வேறு யாரிடமும் சொல்லும் தைரியம் வரவில்லை.

ஏப்ரல் 22, திங்கள்

விமானம். அவரை ஊரில் விட்டு வர என்னை அனுப்பியிருக்கிறார்கள். என் தோளில் சாய்ந்து தூங்குகிறார். வலது கண்ணோரம் ஒரு வெள்ளை நூல் ஓடிய மாதிரி இருந்தது. வெறும் வெளிச்சமாகவும் இருக்கலாம்.

ஏப்ரல் 24, புதன்

கடையநல்லூர். வாசலில் பல்கீஸ் ஓடிவந்து, "அத்தா" என்றாள். அவர் அவளைப் பார்க்காமல், பின்னால் வந்த என்னைத் திரும்பித் தேடினார். நான் கையைப் பிடித்த பிறகுதான் உள்ளே போனார். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பாத்திமா அக்கா அழவில்லை. எனக்குத் தண்ணீர் கொடுத்து, "கல்யாணம் வரைக்கும் இங்கேயே இரு. நீ ஊட்டுனாத்தான திங்குறாக" என்றார். செங்கோட்டை முக்கால் மணி நேரப் பயணம்தான். நான் இன்னும் என் வீட்டுக்குப் போகவில்லை.

ஏப்ரல் 28, ஞாயிறு

நிக்காஹ் முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பாய்க்கு வெள்ளைச் சட்டை, புதுக் கைலி, தொப்பி. நான்தான் உடுத்திவிட்டேன். மேடையில் மாப்பிள்ளைக்கு எதிரே உட்கார வைத்தோம். நிக்காஹ் நடத்தும் ஹஜ்ரத் குனிந்து மெதுவாகக் கேட்டார், "மைதீன் காக்கா, சொல்லுவீங்களா?" பாய் அவர் தாடியைப் பார்த்தார். மூன்று தடவை கேட்டார் ஹஜ்ரத். பிறகு பாயின் தம்பி முகம்மது மசூதை உட்காரச் சொன்னார். பாயைச் சற்றுத் தள்ளி நகர்த்தினார்கள். தம்பி மாப்பிள்ளையின் கையைப் பிடித்து அந்த வார்த்தையைச் சொன்னார். மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டேன் என்றான். துஆ ஓதினார்கள்.

எல்லோரும் மாப்பிள்ளையைத் தழுவப் போனார்கள். பாய் தனியாக இருந்தார். நான் போய் எதிரே உட்கார்ந்தேன், எழுப்பிக் கூட்டிப்போகலாம் என்று. அவர் என் கையைப் பிடித்தார். காட்டில் பிடித்த அதே பிடி. ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் சொன்னார்: "என் மகள் பல்கீஸை, பேசிய மஹருக்கு, உமக்கு நிக்காஹ் செய்து தந்தேன்."

சொல்லிவிட்டு என் பதிலுக்காகக் காத்திருந்தார். எனக்கு வாய் திறக்கவில்லை. கையை ஒருமுறை அழுத்தினார். அப்போதும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் பிடி தளர்ந்து, அவர் பார்வை விளக்குகளின் பக்கம் போய்விட்டது. அவர் சொன்னது வேறு யார் காதிலும் விழவில்லை. அந்த வார்த்தை அவருக்குள் முழுசாக இருந்திருக்கிறது. நான்தான் தவறான ஆளாக அதை வாங்கிக்கொண்டேன்.

நோட்டை எடுத்துக்கொண்டு சமையல் கொட்டகைப் பக்கம் போனேன். பாத்திமா அக்கா தாம்பாளங்களை எண்ணிக்கொண்டிருந்தார். பின்னட்டையிலிருந்து பட்டையை எடுத்துக் கொடுத்தேன். ஒரு குழி காலி. முதுகில் உலகம்மையின் கையெழுத்து.

"நான் குடுத்தது அக்கா. அவரா போடல. நான்தான் குடுத்தேன். ரத்தம் பாத்துட்டுப் போடணும்னு அவர் சொன்னார். நான் கேக்கல."

பட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"தெரியும்" என்றார். "அன்னைக்கு ஜும்ஆ முடிஞ்சு போன் போட்டாக. கோமதி மாத்திரை தந்திருக்கான், கல்யாணத்துக்குள்ள அரிப்பு நின்னுரும்னு சொன்னாக. அம்புட்டு சந்தோசமாச் சொன்னாக."

ஒரு அண்டாவைப் பிடித்துக்கொண்டேன்.

"நல்லதுன்னு நெனச்சுத்தான் குடுத்த. அதுக்கு நான் உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டேன். அவுகளா எடுத்துப் போட்டுக்கிட்டாகன்னு எங்கிட்டயே சொன்ன பாத்தியா, அது எதுக்குப்பா? பதிமூணு வருசம் எங்கள விட்டுக் கெடந்த மனுசன். கடைசியில தன் புத்தியால கெட்டாருன்னு ஊரு பேசுது. எம்மவளும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருக்கா."

"அக்கா, அந்த நர்சு கேட்ட அன்னைக்கே சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா என்னன்னு எங்கிட்ட கேக்காத."

பட்டையை என் கையில் திருப்பி வைத்தார். "இத பல்கீசுட்ட நீயே போய்ச் சொல்லணும். இன்னைக்கு வேண்டாம், அவ சிரிக்கட்டும். நாளைக்கு வந்து சொல்லு." பிறகு ஒரு தட்டில் சோறு போட்டு, கறியை எலும்பில்லாமல் பிய்த்து வைத்து நீட்டினார். "போ. அவுக உன்னத் தேடுவாக."

போய் ஊட்டினேன். முழுத் தட்டும் சாப்பிட்டார்.

ஏப்ரல் 29, திங்கள்

பல்கீஸிடம் சொன்னேன். அவள் என்ன சொன்னாள் என்பதை எழுதமாட்டேன்.

முத்துக்குட்டிக்குப் போன் போட்டு, எஸ்தெலிடம் போய் இதை அப்படியே சொல்லச் சொன்னேன். மார்ச் 18 அன்று நீ கேட்டதற்குப் பதில், ஆம். ஒரு மாத்திரை. மார்ச் 15, வெள்ளி, காலை பதினொரு மணி. கொடுத்தவன் கோமதிநாயகம். அவளுடைய புத்தகத்தில் என் பெயரைப் போட்டு எழுதிக்கொள்ளச் சொல் என்றேன்.

பாய்க்குக் காலையில் இட்லி ஊட்டினேன். மதியம் உலகம்மை வருகிறாள்.